பேஸ்மென்றில் கட்டிய சரக்கு விமானம்

ஸ்காபறோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்றுக்கு இறங்குகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதற் கேள்வி, "இதை எப்பிடி வெளியிலை எடுக்கப் போறீங்கள்?" என்பதுதான். நியாயமான கேள்வி. இறக்கைகளைப் பூட்டினால் 2.93 மீற்றர் அகலம். மூக்கிலிருந்து வால் வரை 2.41 மீற்றர். படிக்கட்டின் திருப்பத்தை அளந்து பார்த்த பிறகுதான் நான் முதற் கோட்டையே கீறினேன். இறக்கை மூன்று துண்டு, உடல் இரண்டு துண்டு. எல்லாம் வானுக்குள் அடங்கும், பின் சீற்றுகளைக் கழற்றிவிட்டால்.

இரண்டாவது கேள்வி ஊரில் கொஞ்சக் காலமாவது இருந்துவிட்டு வந்தவர்களிடமிருந்து மட்டும் வரும். "ஏன் தம்பி, பயணிகள் விமானம் ஒண்டைச் செய்திருக்கலாமே? ஆமிக்காரற்றை பிளேன்தானா கிடைச்சது?" இதற்கான மறுமொழி கொஞ்சம் நீளம். முதலில் விமானத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

இது டி ஹாவிலண்ட் கனடா நிறுவனத்தின் டி.எச்.சி-5 பஃபலோ விமானத்தின் பத்தில் ஒரு பங்கு மாதிரி. றேடியோவால் இயங்குவது. உண்மையான பஃபலோ இந்த ரொறன்ரோவில், டவுன்ஸ்வியூவில் பிறந்தது. நம்மில் பலர் டவுன்ஸ்வியூ என்றால் பூங்காவையும் சப்வே நிலையத்தையும் மட்டுமே அறிவோம். 1929 முதல் அங்கே விமானம் கட்டினார்கள். பஃபலோவுக்கு முன் அதன் அண்ணன் டி.எச்.சி-4 கரிபூ 1958 ஜூலையில் பறந்தது. பஃபலோ 1964 ஏப்ரலில் பறந்தது. இரண்டும் இராணுவச் சரக்கு விமானங்கள். குறுகிய மண் ஓடுபாதையிலும் ஏறி இறங்கக் கூடியவை. பின்பக்கம் கதவு பலகைபோலக் கீழே இறங்கும். அதன் வழியே ஜீப்பையும் ஏற்றலாம், பறக்கும்போது பொதிகளையும் தள்ளிவிடலாம். டவுன்ஸ்வியூவில் விமானம் கட்டுவது இப்போது நின்றுவிட்டது. 2024இல் ஓடுபாதையையும் மூடிவிட்டார்கள். கனேடிய விமானப்படை தன் கடைசி பஃபலோவை 2022 ஜனவரியில் ஓய்வுக்கு அனுப்பியது. அதுவரை பிரிட்டிஷ் கொலம்பியாவின் கோமொக்ஸ் தளத்தில் அது மஞ்சள் நிறத்தில் தேடுதல், மீட்பு வேலை செய்துகொண்டிருந்தது.

இந்தக் குடும்பத்துக்கும் நமக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. இந்திய விமானப்படை 1960களில் கரிபூக்களை வாங்கியது. அவற்றை ஓட்டிய 33ஆம் அணிக்குக் கரிபூ என்ற பெயரே நிலைத்துவிட்டது. கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் சூலூரில் இருக்கும் அந்த அணி பிறகு ஆன்டனோவ்-32க்கு மாறியது. ஆன்டனோவ்-32 என்றால் யாழ்ப்பாணத்தில் என் வயதுக்காரருக்கு ஒரு நாள் ஞாபகம் வரும். 1987 ஜூன் 4. வடமராட்சியில் ஒப்பரேஷன் லிபரேஷன் முடிந்த கையோடு, படகுகளில் வந்த இந்திய நிவாரணப் பொருட்களைக் கடற்படை முதல் நாள் திருப்பி அனுப்பியிருந்தது. மறுநாள் பின்னேரம் ஐந்து ஆன்டனோவ்-32கள் மிராஜ் போர் விமானங்களின் காவலோடு வந்து, குடாநாட்டின் மேல் சுமார் 25 தொன் பொருட்களைப் பரசூட்டில் போட்டன. பூமாலை நடவடிக்கை என்று பெயர். நான் அப்போது ஏ.எல். மாணவன். சத்தம் கேட்டதும் எல்லோரும் ஓடியது பங்கருக்குத்தான். சரக்கு விமானத்தின் பின்கதவு திறந்து அரிசியும் விழலாம் என்று அன்றைக்கு முன்பு எங்களுக்குத் தெரியாது.

பிறகு 1990இல் சரக்கு விமானத்திலிருந்து வேறு சாமான் விழுந்தது. அவ்ரோவாக இருந்தாலும் சீன வை-12ஆக இருந்தாலும் எங்கள் சனத்துக்கு அது "சகடை". குண்டு போடுவதற்கென்று செய்யப்படாத விமானத்திலிருந்து பீப்பாய்க் குண்டுகளை உருட்டிவிட்டார்கள். குறி கிடையாது. விழுகிற இடத்தில் விழும். இந்த அவ்ரோ என்ற பெயரால் இங்கே எனக்கு ஒரு சங்கடம் நடப்பதுண்டு. வயதான கனேடியர்களிடம் "அவ்ரோ" என்று சொன்னால் அவர்கள் கண் கலங்கும். பியர்சன் விமான நிலையத்துக்கு அருகே மோல்ரனில் அவ்ரோ கனடா கட்டிய ஆரோ என்ற போர் விமானத் திட்டத்தை 1959 பெப்ரவரி 20இல் அரசாங்கம் நிறுத்தியது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. எங்களை உலுக்கிய அவ்ரோ 748 இங்கிலாந்தில் வடிவமைக்கப்பட்டது. தாய் நிறுவனம் ஒன்றுதான், விமானம் வேறு. அவர்கள் சொல்லும் அவ்ரோவும் நான் கேட்கும் அவ்ரோவும் ஒன்றல்ல என்று விளக்கப் போனால் கோப்பி ஆறிவிடும்.

இனி கட்டுகிற கதை.

பெரிய மாதிரி என்றால் கஷ்டம் அதன் நீளத்தில் இல்லை, நிறையில் இருக்கிறது. பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் நீளம் பத்தில் ஒன்று. இறக்கையின் பரப்பு நூறில் ஒன்று. நிறை, கனஅளவோடு போவதால், ஆயிரத்தில் ஒன்று. உண்மையான பஃபலோ நிறையச் சுமையோடு ஏறும்போது சுமார் 22,300 கிலோ. அந்தக் கணக்குப்படி என்னுடையது 22 கிலோ இருக்கலாம். அப்படிக் கட்டினால் அது பறக்கும். ஆனால் வேகமாகப் பறக்கும், வேகமாக இறங்கும், பார்ப்பதற்குச் சரக்கு விமானம்போல இருக்காது. சரக்கு விமானத்தின் அழகே அது அவசரப்படாமல் வருவதில்தான் இருக்கிறது. அதற்கு நிறை பாதிக்கும் குறைய இருக்கவேண்டும். நான் 9,000 கிறாம் என்று பாதீடு போட்டேன்.

நான் வர்த்தகம் படித்தவன், பகலில் மற்றவர்களின் வரிக் கணக்குப் பார்ப்பவன். விமானவியல் தெரியாது. ஆனால் பேரேடு எழுதத் தெரியும். சமையலறைத் தராசு ஒன்றை பேஸ்மென்றுக்குக் கொண்டுபோய், ஒட்டுகிற ஒவ்வொரு துண்டையும் நிறுத்து ஒரு கொப்பியில் பதிந்தேன். உடலுக்கு ஒரு பக்கம், இறக்கைக்கு ஒரு பக்கம், வாலுக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு எண்கள்: எத்தனை கிறாம், சமநிலைப் புள்ளியிலிருந்து எத்தனை சென்ரிமீற்றர் தூரம். இரண்டையும் பெருக்கி, முன்னுக்கு இருப்பதை வரவிலும் பின்னுக்கு இருப்பதைச் செலவிலும் எழுதினால், இரண்டு பக்கமும் சமப்படவேண்டும். படாவிட்டால் விமானம் பறக்காது. பரீட்சை மீதி பிழைத்தால் கணக்காளருக்கு இவ்வளவு உடனடியான தண்டனை வேறு எந்தத் தொழிலிலும் இல்லை.

இந்தக் கணக்கில் எல்லாரும் சறுக்கும் இடம் வால். பஃபலோவின் வால் உயரமான தூண்மேல் குறுக்குச் சட்டம் வைத்தது, ஆங்கில ரி எழுத்துப்போல. அது சமநிலைப் புள்ளியிலிருந்து ஒரு மீற்றருக்கு மேல் பின்னால் இருக்கிறது. மூக்கில் பற்றரி வைக்கும் இடமோ அதில் பாதித் தூரம்தான். ஆகவே வாலில் 100 கிறாம் கூடினால் மூக்கில் 200 கிறாம் ஈயம் வைக்கவேண்டும். 100 கிறாமுக்கு மொத்தச் செலவு 300. கடனட்டைக்காரன்கூட இந்த வட்டி கேட்கமாட்டான். வாலுக்கு நான் பால்சா மரத்தை மட்டும் பாவித்தேன், அதிலும் கடையில் தராசோடு போய் நின்று மெதுவான துண்டுகளைப் பொறுக்கினேன். தூணுக்குள் மட்டும் ஒரு மெல்லிய காபன் குழாய். அது இல்லாவிட்டால் முதற் குலுக்கலில் வால் முறியும்.

உடலுக்கு டொலர் கடை நுரைப் பலகை. உள்ளே மெல்லிய ஒட்டுப்பலகையில் வளையங்கள். இறக்கைக்கு, வீட்டுச் சுவரில் குளிர் தடுக்க வைக்கும் இளஞ்சிவப்புக் காப்புப் பலகை. இரண்டு முனையிலும் இறக்கையின் வெட்டுமுக அச்சைப் பொருத்தி, மின்சாரத்தால் சூடேற்றிய கம்பியை அச்சின்மேல் மெதுவாக இழுத்தால் வெண்ணெய்போல வெட்டுப்படும். யன்னலைத் திறந்து வையுங்கள், புகை நல்லதல்ல. என் மனைவிக்கு இந்த வேலையில் பிடிக்காத ஒரே விடயம் அந்த மணம்தான். மேலே மெல்லிய கண்ணாடி நார்த் துணியை நீரில் கரையும் வார்னிஷால் ஒட்டினேன். இறக்கை முழுவதையும் தாங்குவது 20 மில்லிமீற்றர் காபன் குழாய். அது உடலுக்குள்ளால் குறுக்கே போகிறது.

மோட்டர் இரண்டு, மின்சாரம். ஒரு கிலோவுக்கு 200 வாற் என்பது இவ்வகை விமானத்துக்குத் தாராளம். 9 கிலோவுக்கு 1,800 வாற், மோட்டருக்கு 900. ஆறு கலம் கொண்ட லிதியம் பற்றரி 22.2 வோல்ற் தரும். ஆகவே ஒரு மோட்டருக்கு 40 அம்பியர். 16 அங்குல மூன்றிதழ் புறொப்பெல்லர், அசலைப்போலவே. 5,000 மில்லி அம்பியர்-மணி பற்றரி இரண்டு. முழு வேகத்தில் போனால் ஏழு நிமிடத்தில் தீரும். ஆனால் ஏறியபின் பாதிக்கும் குறைய விசை போதும் என்பதால், பற்றரியில் ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் விட்டும் 12 நிமிடம் பறக்கலாம். பெற்றோல் எஞ்சின்கள் இரண்டு பூட்டினால் சத்தம் நன்றாக இருக்கும் என்று கழகத்தில் சிலர் சொன்னார்கள். எனக்கு அந்தச் சத்தம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பறப்பைக் கட்டுப்படுத்தும் சேர்வோக்கள் பன்னிரண்டு: இறக்கை நுனிக்கு இரண்டு, மடலுக்கு நாலு, உயர்த்திக்கு இரண்டு, சுக்கானுக்கு ஒன்று, மூக்குச் சில்லுக்கு ஒன்று, பின்கதவுக்கு ஒன்று, பொதியை விடுவிக்க ஒன்று. இவற்றுக்கான மின்சாரத்தை மோட்டர் பற்றரியிலிருந்து எடுக்காதீர்கள். தனியாக ஒரு சிறு பற்றரி வையுங்கள். மோட்டர் நின்றால் விமானத்தைச் சறுக்கிக்கொண்டாவது இறக்கலாம். றேடியோ நின்றால் நீங்களும் ஒரு பார்வையாளர்தான்.

கட்டி முடித்துத் தராசில் வைத்தபோது 9,640 கிறாம். பாதீட்டைவிட 640 கூட. அதில் பெயின்ற் 310, பசை ஏறக்குறைய 200. மீதி 130 கிறாம் எங்கிருந்து வந்தது என்று இரண்டு இரவு தேடியும் பிடிபடவில்லை. நாங்கள் படித்தபடி அதைத் தொங்கல் கணக்கில் போட்டுவிட்டேன்.

பெயின்ற் பற்றி ஒரு சொல். பஃபலோவை ஐ.நா. வெள்ளையில் பூசுகிறவர்களும் உண்டு. 1974 ஆகஸ்ட் 9இல் ஐ.நா. பணியில் இருந்த கனேடிய பஃபலோ ஒன்று சிரியாவின் ஏவுகணைகளால் வீழ்த்தப்பட்டு ஒன்பது கனேடியர்கள் இறந்தார்கள். கனடாவில் அமைதிப்படையினர் நாள் அந்தத் தேதியில்தான். பச்சையும் சாம்பலும் கலந்த படை நிறத்தையும் யோசித்தேன். கடைசியில் மீட்புப் பணியின் மஞ்சளும் சிவப்புக் கோடும். காரணம் பாதி தொழில்நுட்பம்: நூறு மீற்றர் உயரத்தில் சாம்பல் விமானம் உங்களை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று ஒன்ராறியோவின் மேகத்தில் கண்டுபிடிக்கமுடியாது. மீதிப் பாதி நீங்கள் ஊகிப்பது.

பறக்கவிடுவதற்கு முன் சட்டம். 250 கிறாமுக்கு மேல், 25 கிலோ வரையுள்ள எந்த றேடியோ விமானத்தையும் கனடாவில் பதிவுசெய்யவேண்டும், இலக்கத்தை அதில் எழுதவேண்டும், ஓட்டுபவர் இணையத்தில் பரீட்சை எழுதிச் சான்றிதழ் எடுக்கவேண்டும். 2019 ஜூன் முதல் இது நடைமுறை. 122 மீற்றருக்கு மேல் போகக்கூடாது, கண்ணுக்குத் தெரியும் தூரத்தைத் தாண்டக்கூடாது. கனடா மாதிரி விமானச் சங்கத்தில் சேர்ந்தால் காப்புறுதியும் அனுமதி பெற்ற மைதானமும் கிடைக்கும். அங்கே பறப்பதற்குச் சங்கத்தின் தனி விதிகள் உண்டு, சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ரொறன்ரோப் பூங்காக்களில் முயலவேண்டாம். எங்கள் மைதானம் வடக்கே ஒரு மணி நேர ஓட்டம், ஒரு பக்கம் சோளம், மறுபக்கம் சோயா.

முதற் பறப்பு ஒரு ஜூன் காலை. பக்கத்தில் நின்றவர் டவுன்ஸ்வியூவில் ரிவெற் அடித்து ஓய்வுபெற்ற ஒரு கிழவர். உண்மையான பஃபலோக்களின் இறக்கையில் கை வைத்தவர். அவர் எனக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்லித்தந்தார். அது கட்டாயம் எழுதவேண்டியது. பெரிய மாதிரி எப்போதும் மெதுவாகப் போவதுபோலத் தெரியும். கண் ஏமாற்றும். "இன்னும் வேகம் இருக்கிறதே" என்று நினைத்து விசையைக் குறைத்துக்கொண்டே போவீர்கள். என் விமானம் மடல் இறக்காமல் மணிக்குச் சுமார் 40 கிலோமீற்றருக்குக் கீழே போனால் இறக்கை தூக்குவதை நிறுத்திவிடும். அதுவும் ஒரு பக்கம் முதலில் நிறுத்தும். இறங்கத் திரும்பும் கடைசி வளைவில்தான் அநேகமான பெரிய விமானங்கள் இப்படிச் சாகின்றன. ஆகவே அந்த வளைவைத் தட்டையாக, விசையோடு எடுங்கள்.

மடல்கள் பஃபலோவின் பெருமை. இறக்கையின் பின்னோரம் முழுவதும் கீழே மடியும். மாதிரியிலும் அப்படியே. ஆனால் திடீரென்று இறக்கினால் மூக்கு மேலே பாயும். ஆகவே மூன்று விநாடி எடுத்து இறங்கும்படியும், கூடவே உயர்த்தி தானாகச் சற்றுக் கீழே போகும்படியும் றேடியோவில் அமைத்தேன். முழு மடலோடு அது காற்றில் தொங்குவதுபோல வரும். தரை தொடும்வரை விசையை முழுதாக விடக்கூடாது. விட்டால் கல்லுப்போல இருக்கும்.

மூன்றாவது பறப்பில் இடது மோட்டர் நின்றது. பிழை என்னுடையது: ஓர் இணைப்பியைச் சரியாக அழுத்தவில்லை. விமானம் இடப்பக்கம் முறுகத் தொடங்கியதும் கை தானாக விசையைக் கூட்டப் பார்க்கும். கூட்டினால் முறுகல் கூடும். நல்ல மோட்டரின் விசையைக் குறைத்து, சுக்கானை வலப்பக்கம் கொடுத்து, எது நேரே இருக்கிறதோ அதில் இறங்கவேண்டும். நேரே சோயா இருந்தது. ஒரு சில்லும் மூக்கும் போனது. திருத்தியதில் 45 கிறாம் கூடியது, அதையும் எழுதினேன்.

இனி பின்கதவு. கழகத்தில் கோடைக் குடும்ப நாளில் யாராவது விமானத்திலிருந்து பிள்ளைகளுக்கு இனிப்புப் போடுவது வழக்கம். பிள்ளைகள் கோட்டுக்கு வெளியே நிற்பார்கள், பொதிகள் விழுந்தபின் ஓடிப் பொறுக்குவார்கள். என் மனதில் 1987ஆம் ஆண்டின் அந்தப் பின்னேரம் இருந்தது. ஆன்டனோவைச் செய்யாமல் பஃபலோவைச் செய்தாலும் கதவு அதே கதவுதான். போன வருடம் மார்க்கத்தில் இருக்கும் அக்காவையும் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என்ன செய்யப்போகிறேன் என்று அவவுக்குச் சொல்லவில்லை, ஆச்சரியமாக இருக்கட்டும் என்று.

விமானம் சூரியனுக்கு எதிர்ப்பக்கமிருந்து தாழப் பறந்து வந்தது. கதவைத் திறந்தேன். பொதிகள் சறுக்கிப் பின்னால் போகும்போது சமநிலைப் புள்ளியும் கூடவே பின்னால் போகும், மூக்கு எழும்பும். அந்த ஒரு விநாடி உயர்த்தியைக் கீழே பிடிக்கவேண்டும், அவை விழுந்ததும் விட்டுவிடவேண்டும். நான் அந்தக் கணக்கிலேயே இருந்தேன். விமானத்தை இறக்கிவிட்டுத் திரும்பினால் அக்காவைக் கதிரையில் காணவில்லை. சாப்பாட்டு மேசைகள் இருக்கும் கூரையின் கீழே, தூணோடு ஒட்டி, கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றா. பிள்ளைகள் ரொபி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

காரில் வரும்போது அவ அதிகம் கதைக்கவில்லை. நெடுஞ்சாலை 404இல் ஏறியபிறகுதான், "அது கதவு திறந்தது எனக்குத் தெரிஞ்சது தம்பி" என்றா. மன்னிப்புக் கேட்டேன். "நீ செய்யிறதை நிப்பாட்டச் சொல்லேல்லை. போடுறதெண்டால் சொல்லிப்போட்டுப் போடு." அதன்பிறகு மைதானத்தில் பொதி போடுவதற்கு முன் ஒலிபெருக்கியில் மூன்று தரம் சொல்கிறோம்: என்ன விழப்போகிறது, எங்கே விழப்போகிறது, எப்போது. நான் கேட்டதற்குக் கழகத்தில் யாரும் காரணம் கேட்கவில்லை. பாதுகாப்புக்கு நல்லது என்று எல்லோருக்கும் அதை விதியாக்கிவிட்டார்கள். பேஸ்மென்றில் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கிறவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். சிலர் தலையாட்டுவார்கள். ஒருவர் ஒன்றும் சொல்லாமல் மேலே ஏறிப் போய்விட்டார்.

பொதிகளுக்குப் பொலித்தீன் பை வெட்டித்தான் பரசூட் கட்டியிருந்தேன், பாதி விரியவில்லை. மாரியில் ஒரு நாள் அக்கா வந்து பார்த்துவிட்டு, "இது சரிவராது" என்று பழைய குடைகள் இரண்டின் துணியை எடுத்துக்கொண்டு போனா. நாற்பது சென்ரிமீற்றர் அகலத்தில் எட்டு பரசூட்டுகள், நடுவில் காற்றுப் போக ஓட்டை, ஓரம் மடித்துத் தைத்தது. தராசில் வைத்துப் பார்த்தேன். ஒன்று 14 கிறாம். ஓரத்தை ஒற்றை மடிப்பாகத் தைத்தால் 11க்கு வரும் என்று சொன்னேன். "இரட்டை மடிப்புத்தான். கிழிஞ்சு விழக்கூடாது" என்றா. 14 என்றே எழுதிக்கொண்டேன்.